நூலகத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பணி அனுபவம் எழுத வேண்டுமென்றால் தலை நரைத்திருக்க வேண்டும், கையில் ஓய்வூதியப் புத்தகம் இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு இன்னும் நரைக்கவில்லை. ஓய்வும் பெறவில்லை. வேறு ஊரில் வேறு வேலை கிடைத்துப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் நம் கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதி வைக்காமல் பெட்டி கட்ட மனம் வரவில்லை. மத்திய நூலகத்தின் பின்கட்டு வேலை இனி உங்களுடையது. முன்கட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் நீங்கள் அங்கே அளவுநாடாவோடு போய் நின்றால், அங்கிருப்பவர்கள் உங்களை என் பெயர் சொல்லித்தான் விசாரிப்பார்கள்.

சேர்ந்த முதல் நாளே உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அக்கா, நூலகத்துக்குப் போய் யாராச்சும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவாங்களா?"

ஒட்டினார்கள். மதுரையில் ஒட்டாமல் வேறெங்கே ஒட்டுவார்கள்?

பழைய முன்கட்டை நீங்கள் பார்த்ததில்லை. காரை பெயர்ந்து, குனிந்து படிப்பவர் தோளில் விழும். மழைக்காலத்தில் வரலாற்றுப் பிரிவில் வாளி வைப்பார்கள். பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு, சாவி இல்லை. சீரமைப்பு தேவையா என்று யாராவது கேட்டால் அந்த வாளியைக் காட்டினாலே போதும். எங்கள் திட்டம் அதற்கும் மேலே போனது. தெருவை மறைத்த முன்சுவரை எடுத்துவிட்டு அகலமான படிகள், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, குளிர்சாதனம், சாய்ந்து படிக்க சோபாக்கள், ஓர் ஓரத்தில் காபிக் கடை. அந்த வரைபடத்தின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. பசுமலையிலிருந்து காலையில் வண்டியை எடுக்கும்போது மனதில் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டே வருவேன்.

ஆள் இல்லாத கட்டடப் படம் வெறிச்சென்று இருக்கும். அதனால் கணினியில் ஆள் வைப்போம். ஆயத்த ஆட்கள் கிடைப்பார்கள், எல்லா ஊரிலும் எல்லா அலுவலகத்திலும் அதே ஆட்கள்தான். கோட்டு போட்ட ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடப்பார். இரண்டு பேர் காபிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பெண் பழுப்பு நிற நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு படியேறுவாள். இவர்களை அள்ளித் தூவி, படத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து, நூலக வாசலில் கட்டினோம்.

இந்த ஊரில் ஃபிளெக்ஸை யாரும் செய்திக்காகப் பார்ப்பதில்லை, ஆளுக்காகத்தான் பார்ப்பார்கள். காதுகுத்து ஃபிளெக்ஸில் நாம் குழந்தையையா முதலில் பார்க்கிறோம்? கீழே தபால்தலை அளவில் நம் முகம் எந்த வரிசையில் இருக்கிறது, பக்கத்தில் யார், பெரியப்பா முகம் நம்மைவிடப் பெரியதா என்றுதான் பார்க்கிறோம். இது எனக்குத் தெரியும். என் கல்யாண ஃபிளெக்ஸிலேயே ஒரு சித்தப்பா முகம் விட்டுப்போய், அவர் சாப்பிடாமலே போனார். தெரிந்தும், நூலகத்துக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் கூட்டம் கூடி நின்று பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். படிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, கண்ணாடியைப் பற்றியும் பேசவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "இம்புட்டு பேர்ல ஒருத்தர் கையிலயாச்சும் புத்தகம் இருக்காண்டு பாருங்கப்பா."

பார்த்தேன். கைப்பேசி இருந்தது, காபி இருந்தது, நாய் இருந்தது.

மாலைக்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டது. நாய்க்குத் தனி உறுப்பினர் அட்டை போட வேண்டுமா என்று நூலகர் அம்மாவுக்குத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். பசுமலைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் கட்சி. உலகத் தரத்தில் ஒன்று வரும்போது பழசையே கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்று எழுதினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய கட்டடத்தின் சிவப்புத் தரையைத் தொடாதீர்கள் என்றார். பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மாக்கள் எதை வேண்டுமானாலும் கட்டுங்கள், முதலில் கழிப்பறையைக் கட்டுங்கள் என்றார்கள். நடுவில் யாரோ, இது நூலகம் இல்லை, மால் வரப்போகிறது, காபிக் கடைதான் அதற்கு அச்சாரம் என்று கிளப்பிவிட, மற்ற பேச்செல்லாம் அதற்குள் அமுங்கிப் போயிற்று. திங்கட்கிழமை கட்டடத்தை மூடி எங்களிடம் ஒப்படைப்பதாக இருந்தது. அதற்கு முந்தைய புதன்கிழமை காலையில் சுவர்களில் போஸ்டர்.

கறுப்பு வெள்ளையில் நூலகக் கட்டடம், அதற்கு ஒரு மாலை. "தோற்றம்: எங்கள் தாத்தா காலம். மறைவு: வருகிற திங்கள். இறுதி ஊர்வலம் காலை பத்து மணிக்கு நூலக வாசலில் புறப்பட்டு, ஊரைச் சுற்றி, நூலக வாசலையே வந்தடையும். கண்ணீருடன்: பேப்பர் படிப்போர், பரீட்சைக்குப் படிப்போர், மின்விசிறிக்குக் கீழே தூங்குவோர்."

சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னையிலிருந்த நம் சார் சிரிக்கவில்லை. தொலைபேசியில் அவர் சொன்னதன் சாரம் இது: ஊர்வலம், கேமரா, பிறகு வழக்கு என்று போனால் இந்த வேலை நம் கையைவிட்டுப் போய்விடும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. யாரும் இருக்க மாட்டார்கள். அன்றே சுற்றிலும் தகரம் அடித்துவிட வேண்டும். திங்கட்கிழமை வருகிறவர்கள் தகரத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஒப்பந்ததாரருக்கும் அவரே சொல்லிவிட்டார். தகரம் எந்தக் கோட்டில் வர வேண்டும் என்று தரையில் அடையாளம் போட்டுத் தருவது மட்டும் என் வேலை.

சரி என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு, போஸ்டர் யார் வேலை என்று பார்க்க வாசிப்புக் கூடத்துக்குள் போனேன்.

கூடத்தில் நீள மேசைகள். மேசையில் ஆட்களைவிட டிபன் பாக்ஸ்கள் அதிகம். ஒரு பாக்ஸை நகர்த்திவிட்டு உட்காரப் போனேன்.

"அக்கா, அதுல ஆள் இருக்கு."

செய்தித்தாள் பக்கமிருந்து ஒரு பெண் சொன்னாள். எங்கே ஆள் என்று கேட்டேன்.

"பாக்ஸ் இருந்தா ஆள் இருக்குண்டு அர்த்தம்."

அவள்தான் ரேவதி. செல்லூர், நெசவுக் குடும்பம். கைப்பேசியில் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே என்னிடம் தமிழில் பேசுவாள், இரண்டும் மோதிக்கொள்ளாது. அரசு வேலைக்கான குரூப் தேர்வின் முதல் கட்டத்தில் தேறியிருந்தாள். அடுத்த கட்டம் சில மாதத்தில். டிபன் பாக்ஸ் சட்டத்தை அவள்தான் எனக்கு விளக்கினாள். காலையில் கதவு திறந்ததும் ஓடிப்போய் இடத்தில் பாக்ஸை வைத்துவிட்டால் அது உன் இடம். முகம் கழுவப் போகலாம், நின்றபடி பேப்பர் பார்க்கலாம், யாரும் தொட மாட்டார்கள். ஒரே வேலைக்குப் போட்டி போடுகிறவர்கள்கூடத் தொட மாட்டார்கள். மதியம் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று சாப்பிட வேண்டும், உள்ளே சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது. அந்த நேரத்துக்கு மட்டும் மேசையில் கைக்குட்டை.

வீட்டில் தறிச் சத்தத்தில் படிக்க முடியாதுதான் என்று நானாகவே ஊகித்து, அனுதாபத்தோடு சொல்லிவைத்தேன். அவள் சிரித்தாள்.

"சத்தம் என்ன செய்யும் அக்கா? அதுலதான் பொறந்தேன். வீட்ல உட்கார்ந்திருந்தா சும்மா இருக்கேண்டு அர்த்தம். நூல் சுத்தச் சொல்வாங்க, கடைக்குப் போகச் சொல்வாங்க. இங்க உட்கார்ந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க. அதுக்குத்தான் வாரேன்."

இந்த முறை தேறாவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது என்று அப்பாவோடு பேச்சு. அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், நானும் காப்பாற்ற வேண்டும் என்ற மாதிரி சொன்னாள். எங்கள் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன், செய்யவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இது எப்ப வரும்?"

"ரெண்டு வருஷம் ஆகும்."

"திங்கக்கிழமை நான் எங்க உட்காருவேன்?"

கிளை நூலகங்கள் இருக்கின்றனவே என்றேன். போய்ப் பார்த்திருக்கிறாள். அங்கே இரண்டு மேசை, ஒன்றில் நூலகரே உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

போஸ்டரைப் பற்றிக் கேட்டபோது அவள் ஒளிக்கவே இல்லை. "மலைச்சாமி அண்ணே போட்டது. கீழ டிசைனர் பேரு, கடை பேரு எல்லாம் இருக்கே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை. ஊரே துப்பறிந்துகொண்டிருந்த குற்றவாளி, தன் தொலைபேசி எண்ணோடு சுவரெல்லாம் நின்றிருக்கிறார்.

வியாழக்கிழமை அவர் கடைக்குப் போனேன். செல்லூர்ச் சந்து ஒன்றில் ஃபிளெக்ஸ் கடை. மலைச்சாமி அண்ணன் பேரையூர்ப் பக்கத்துக்காரர், நகரத்துக்கு வந்து பல வருடமாகிறது. தினமும் கடை திறக்கும் முன் நூலகத்துக்குப் போய், சாய்வுப் பலகையில் நின்றபடி எல்லாப் பேப்பரும் படித்துவிட்டுத்தான் வருவார். நூலகத்தில் தனக்குப் பங்கு இருப்பதாகவே நினைப்பு. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்க தங்கச்சி. அந்த நாயைப் பெத்தவுக நீங்கதானா?"

மால் எதுவும் வரவில்லை, காபிக் கடை மட்டும்தான் என்று விளக்கினேன். மாலும் முதலில் காபிக் கடையாகத்தான் வரும் என்றார். என் ஃபிளெக்ஸில் என்ன கோளாறு என்று அவரே தொடங்கினார்.

"நான் ஒரு தெருக் கல்யாணத்துக்கு அம்புட்டு முகம் வைக்கிறேன். ஒருத்தன் விட்டுப்போனா மொய் எழுத வரமாட்டான். நீங்க ஊரையே விட்டுட்டீக. அப்புறம் ஊர் எப்படி வரும்?"

கோபம் வந்தது. வந்த கோபத்திலேயே ஒரு யோசனையும் வந்தது. என் படம் கைவசம் இருக்கிறது, நாயையும் கோட்டுக்காரரையும் எடுத்துவிடுவோம், நூலகத்துக்கு வருகிறவர்களை நீங்களே வையுங்கள் என்றேன். தொழில்காரர் மறுப்பாரா? ரேவதிக்குச் சொன்னதும், கூடத்தில் சம்மதித்தவர்களைப் படம் எடுத்து மதியத்துக்குள் அனுப்பிவிட்டாள். அண்ணன் கணினியில் ஒவ்வொருவர் உருவத்தையும் வெட்டி எடுத்தார். வெட்டி முடித்து, நான் பக்கத்தில் உட்கார, ஒவ்வொருவரையும் இடத்தில் வைக்க ஆரம்பித்தோம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

முதலில் அவரையே வைத்தார். செய்தித்தாளை விரித்துப் பிடித்து நிற்கும் படம். என் படத்தில் பேப்பர் படிக்க இருந்ததெல்லாம் சோபா. சோபாவில் உட்கார்ந்து பேப்பரை விரித்தால் பக்கத்து ஆள் மூக்கில் இடிக்கும், நின்றால்தான் நாலு பேர் ஒரே பேப்பரைப் பார்க்க முடியும் என்றார். சரி, சாய்வுப் பலகை ஒன்று வரைந்தேன். அடுத்து ரேவதி. மேசையில் முழங்கைகளை ஊன்றி, முன்னால் தன் சொந்தப் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் படம். அவளைச் சோபாவில் வைத்தார். முழங்கைகள் அந்தரத்தில் நின்றன. கண்ணாடி ஓரம் நகர்த்தினார், அங்கே உயரமான ஸ்டூல்கள், பாதிப் பெண் தரைக்குள் போய்விட்டாள். காபிக் கடையில் மேசை இருந்தது, ஆனால் அங்கே காபி வாங்கியவர்தானே உட்கார முடியும்.

அண்ணன் மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் வலித்தது. எத்தனையோ நாள் கண் விழித்து வரைந்த கட்டடம், அதில் நாள் முழுக்கப் படிக்கிற ஒரு பெண்ணை எங்கேயும் உட்காரவைக்க முடியவில்லை. ஆயத்த ஆட்கள் எல்லோரும் நடந்துகொண்டோ நின்றுகொண்டோ இருந்ததால் அதுவரை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியவில்லை. அவர்கள் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை, உட்காரவும் வேண்டியதில்லை.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, தெற்குச் சன்னல் ஓரம் சோபாக்களை எடுத்துவிட்டு நீள மேசை போட்டேன். ரேவதியின் முழங்கைகள் மேசையைத் தொட்டன. அண்ணன் அவள் பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸையும் வெட்டி வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"படம் சரி. ஆனா ஊர்வலம் உண்டு தங்கச்சி. சங்குக்காரருக்குச் சொல்லியாச்சு. இது ரெண்டு வருஷத்துக் கதை. திங்கக்கிழமைக்கு என்ன சொல்றீக?"

முதல் நாள் ரேவதி கேட்டதும் இதைத்தான்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது அதுதான். நூலகத்தின் பின்கட்டு பிற்காலத்தில் கட்டியது. சுவர் தனி, கூரை தனி. பழைய செய்தித்தாள் கட்டுகளும் ஒரு கூட்ட அரங்கும் அங்கே இருந்தன. முன்கட்டை இடிக்கும்போது பின்கட்டில் ஆட்கள் இருக்கலாமா? இந்தக் கேள்விக்கு இரக்கத்தில் விடை சொல்லக் கூடாது. விடியற்காலையில் நம் கட்டமைப்புப் பொறியாளரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கூரையைத் தட்டிப் பார்த்தார், இரு கட்டும் சேரும் இடத்தைச் சுரண்டிப் பார்த்தார், மின் இணைப்பைப் பிரிக்க முடியுமா என்று பார்த்தார். கடைசியில், நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, பக்கத்துச் சந்தில் தனி வாசல் வைத்தால் இருக்கலாம் என்றார். "இருக்கக் கூடாது" என்று அவர் சொல்லியிருந்தால் நான் முழுத் தகரத்துக்கே கோடு போட்டிருப்பேன். ரேவதி என்னை மன்னித்திருக்க மாட்டாள், அதையும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

நூலகர் அம்மா விடுமுறை நாளிலும் வந்தார். அரங்கைத் தற்காலிக வாசிப்புக் கூடமாக விடத் தனக்குச் சம்மதம், எழுதித் தருகிறேன் என்றார். ஒரே நிபந்தனை, வேலையில் முதலில் எழும்புவது பெண்கள் கழிப்பறையாக இருக்க வேண்டும். சாருக்குத் தொலைபேசி செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. அவர் விமானத்தில் இருந்திருக்கிறார்.

அதற்குள் தகர லாரி வந்து நின்றது. ஒப்பந்ததாரர் நல்ல மனிதர், ஆனால் அவருக்குக் கூலி ஆட்கள் காத்திருந்தார்கள். சுண்ணாம்புத் தூள் வாளியை என் கையில் கொடுத்தார். காத்திருக்கலாமா? காத்திருந்தால் ஆட்கள் பழைய கோட்டில் குழி தோண்ட ஆரம்பிப்பார்கள். முழுவதும் மூடிய பிறகு திறக்கச் சொன்னால் ஒருவரும் திறக்க மாட்டார்கள், மூடாததை மூடுவது எப்போதும் முடியும். இதை மட்டும் யோசித்துக்கொண்டு வாளியைச் சாய்த்தேன். முன்வாசலில் தொடங்கி, பக்கவாட்டில் வந்து, இரு கட்டுக்கும் நடுவே கோட்டைத் திருப்பினேன்.

"மேடம், கோடு உள்ள போகுது."

"போகட்டும்ணே."

"சாருக்குத் தெரியுமா?"

"இனிமே தெரியும்."

அவர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டு, ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். கம்பம் நட ஆரம்பித்தார்கள்.

சார் மாலையில் அழைத்தார். பொறியாளர் சொன்னது, நூலகர் எழுதித் தந்தது, சன்னல் ஓரத்து மேசை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கோட்டை அழிக்க முடியாதா என்று கேட்டார். சுண்ணாம்புதான் சார், அழிக்கலாம், ஆனால் கம்பம் நட்டுவிட்டார்கள் என்றேன். "அப்ப வரைபடத்தையும் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தி அனுப்பு" என்று வைத்துவிட்டார். வேலை இழுக்கும், அலுவலகத்துக்கு நஷ்டம் வரும், இரண்டும் அவருக்குத் தெரியும். கொஞ்ச காலம் என்னை எந்தக் கூட்டத்துக்கும் அனுப்பாமல் வைத்திருந்தார். அதுவும் நியாயம்தான். சொல்லாமல் கோடு போட்டவளை வேறென்ன செய்வது?

சனியும் ஞாயிறும் ராப்பகலாக வேலை செய்து தடுப்புச் சுவரையும் சந்து வாசலையும் முடித்தோம். திங்கட்கிழமை ஊர்வலம் வந்தது. சங்கு, பன்னீர்ச் செம்பு, பெரிய ரோஜா மாலை. முன்னால் மலைச்சாமி அண்ணன். ஊரைச் சுற்றிவிட்டு வாசலுக்கு வந்தவர்கள் முன்பக்கம் தகரத்தைப் பார்த்தார்கள். கூட்டம் கொதிக்கத் தொடங்கியது. அண்ணன் சந்துப் பக்கம் தலையை மட்டும் அசைத்தார். அங்கே புது வாசலுக்கு மேலே புது ஃபிளெக்ஸ், அதன் கீழே "படிக்க வாங்க" என்று ஓர் அம்புக்குறி.

அதன் பிறகு யாருக்கும் கோஷம் போட நேரமில்லை. எல்லோரும் தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "மாப்ள, நீ தூங்கிக்கிட்டு இருக்கே பாரு" என்று ஒருவர் இன்னொருவரை இழுத்துக் காட்டினார். ஒரு பெரியவர் தன் முகம் பாதி தூணுக்குப் பின்னால் போய்விட்டது என்று என்னிடம் குறைப்பட்டார். மலைச்சாமி அண்ணன் முகம் மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரிது. கேட்டதற்கு, முன்னால் நிற்கிறவன் பெரிதாகத்தான் தெரிவான் என்றார். மாலையை என்ன செய்வது என்று ஒரு குழப்பம். கடைசியில் புது வாசல் நிலையில் போட்டார்கள். சாவு மாலையை நிலைக்குப் போடலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"பூவுக்கு என்னய்யா தெரியும், எங்க போறோம்ண்டு," என்றார் அண்ணன்.

அந்தச் சலசலப்புக்கு நடுவே ரேவதி உள்ளே போனதை நான் பார்த்தேன். ஓட்டம் என்றே சொல்ல வேண்டும். நாங்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தபோதே அவள் டிபன் பாக்ஸ் மேசையில் இருந்தது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். முன்கட்டு திறந்த பிறகும் சண்டை ஓயவில்லை. சித்திரை வெயிலில் கண்ணாடி கொதிக்கிறது என்றார்கள், அது உண்மை, அப்புறம்தான் தட்டி கட்டினோம். சிவப்புத் தரைக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, பாதித் தரையைத்தான் காப்பாற்ற முடிந்தது. காபிக் கடை இருக்கிறது, மலைச்சாமி அண்ணன்தான் அங்கே முதல் வாடிக்கையாளர். அதற்குப் பக்கத்திலேயே வீட்டுச் சோறு சாப்பிட ஓர் அறை, வரைபடத்தில் கடைசியாக நுழைந்து நூலகத்தில் முதலில் நிரம்பும் அறை. சென்னையில் காட்டிய படத்தில் ஒருமுறை டிபன் பாக்ஸ் காணாமல் போயிருந்தது, அழகாக இல்லை என்று யாரோ எடுத்திருக்கிறார்கள். திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்தார்கள், மறுபடி வைத்தேன்.

ரேவதி சுத்தியல் சத்தத்துக்கு நடுவே அந்தப் பின்கட்டில் படித்துத்தான் தேர்வு எழுதினாள். தேறினாள். இப்போது பேரையூரில் தாலுகா அலுவலகத்தில் வேலை. மாப்பிள்ளைப் பேச்சு இருக்கிறதாம், ஆனால் இப்போது அவளும் சேர்ந்து பார்க்கிறாள்.

போன வாரம் விடுப்பில் வந்திருந்தாள். பின்கட்டு வேலைக்காகப் புதுப் படம் தயாரிக்கிறோம், பழைய முகங்கள் அப்படியே இருக்கும் என்று பெருமையாகக் காட்டினேன். தெற்குச் சன்னல் ஓரம் தன்னைப் பார்த்தாள்.

"என்னை எடுத்துருங்க அக்கா."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எனக்குத்தான் சீட்டு கிடைச்சிருச்சே. ஆள் இல்லாம இடத்தைப் பிடிச்சு வைக்கக் கூடாதுல்ல." வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "பாக்ஸ் மட்டும் இருக்கட்டும். வர்றவ யாரா இருந்தாலும் சீட்டுக்கு ஓட வேண்டாம்."

அப்படியே செய்துவிட்டேன். கோப்பைத் திறந்தால் பார்ப்பீர்கள்: சன்னல் ஓரம் நீள மேசை, ஒரு நாற்காலி, மேசையில் ஒரு டிபன் பாக்ஸ், ஆள் இல்லை. நேற்று நூலகத்துக்குப் போனபோது அந்த இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்து ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. பெயரைக் கேட்டு, சம்மதம் வாங்கி, அந்த நாற்காலிக்கு அவளைப் படம் எடுத்து மலைச்சாமி அண்ணனிடம் கொடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள். படிக்கும்போது வேண்டாம்.